கனி பறிக்கச் சென்ற நபித்தோழர்கள்

 

 

மக்காவிற்கு வடக்கே மர்ருழ் ழஹ்ரான் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இன்று அதனை வாதீ ஃபாத்திமா என்று அழைக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோடு தோழர்கள் அங்கே தங்கியிருந்த ஒரு சமயம். சுற்றிலும் அராக் மரங்கள். மிஸ்வாக் குச்சிக்காக நாம் அறிந்து வைத்திருக்கிறோமே, அதே மரம்தான். நம் தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் கடலோரங்களிலும் அது வளர்கிறது. உகாய் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். அதில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கொத்துக் கொத்தாய்ப் பழங்கள் காய்க்கும். பச்சையாய் இருந்து, சிவந்து, முதிர்ந்ததும் கறுத்துவிடும். அரபியில் அப்பழத்திற்குக் ‘கபாஸ்’ என்று பெயர். தோழர்கள் அதனைப் பறித்துக் கொண்டிருந்தார்கள். அதைக் கண்ட அண்ணலார், கறுத்ததைப் பார்த்துப் பறிக்கும்படியும், அதுவே சுவையானது என்றும் எடுத்துச் சொன்னார்கள். தோழர்களுக்கு வியப்பு. தாங்கள் ஆடு மேய்த்ததுண்டா என்று கேட்டார்கள். ஆடு மேய்க்காத நபி எவரும் உண்டா என்று பெருமானார் திருப்பிக் கேட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இந்த நபிமொழியை எங்கள் மதரஸாவில் ஆடு மேய்ப்பதன் சிறப்பிற்காக ஓதினோம். பொறுமை, பலவீனமானவற்றின் மீது இரக்கம், சிதறிப் போவதை ஒன்று சேர்த்தல் ஆகிய பண்புகளை நபிமார்களுக்கு அந்த வேலை பழக்கியது என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையே. ஆனால் அதன் முதல் பாதியை நாம் வேகமாகக் கடந்து விடுகிறோம். காட்டு மரத்தில் எந்தப் பழம் பறிக்கத் தக்கது என்பதை அகிலத்தின் அருட்கொடையான ஒருவர் அறிந்திருந்தார்கள். அதைத் தம் தோழர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தம் கண்ணியத்திற்குக் குறைவாக எண்ணவில்லை. கேட்ட தோழர்களும் அது வெளியில் அலைந்து பெற்ற அறிவு என்பதை உடனே உணர்ந்து கொண்டார்கள்.

நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த அறிவு இருக்கிறது? கடையில் உறையிட்டு விற்கும் ஆப்பிளின் விலை தெரிந்த சிறுவனுக்கு, நம் ஊர்க் குளக்கரையில் நிற்பது நாவல் மரம் என்று தெரிவதில்லை. இந்தத் தேசத்திற்கே நாவலந்தீவு என்று முன்னோர் பெயர் வைத்தார்கள். அந்த நாவலைத் தள்ளுவண்டியில் மட்டுமே பார்த்து ஒரு தலைமுறை வளர்கிறது.

எனவே இந்த வாரம் உங்களை ஒரு நடைக்கு அழைக்கப் போகிறேன். உம்ரா பயணம் பற்றியும் ஜியாரத் பயணம் பற்றியும் பல ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். இன்று பேசப் போவது ஒரே ஒரு முற்பகலுக்கான பயணம். விமானச்சீட்டு தேவையில்லை. கைக்குழந்தையாய் இருந்து இப்போது தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருக்கும் உங்கள் பிள்ளையும், அதன் தாயும், ஒரு தூக்குவாளியும் இருந்தால் போதுமானது.

ஏன் அந்தச் சிறு பிள்ளையைக் குறிப்பாகச் சொல்கிறேன்?

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று தொடரும் மலையடிவார ஊர்களில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. வீட்டிற்கு ஒருவர் வளைகுடாவில் உழைக்கிறார். பிள்ளை பிறந்த செய்தி அவருக்குத் தொலைபேசியில்தான் வருகிறது. பாங்கும் இகாமத்தும் பிள்ளையின் காதில் பாட்டனார் சொல்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து விடுப்பில் வந்து இறங்குகிறார் தந்தை. கைப்பேசித் திரையில் ‘அத்தா’ என்று முத்தம் கொடுத்த அதே பிள்ளை, நேரில் தாடியும் மீசையுமாய் ஓர் ஆள் கை நீட்டியதும் வீறிட்டு அழுது உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து கொள்கிறது. அந்தத் தந்தையின் முகத்தைப் பார்க்க நம்மால் இயலுவதில்லை.

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்தார். ஹஜ்ரத், பிள்ளை என்னிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறது, விடுப்பில் இன்னும் மூன்று வாரம்தான் மீதி, ஏதாவது ஓதி ஊதிக் கொடுங்கள் என்றார். ஓதிக் கொடுத்தேன். கூடவே, பொம்மை வாங்கிக் கொடுப்பதைச் சில நாள் நிறுத்திவிட்டு, காலையில் பிள்ளையையும் அதன் தாயையும் அழைத்துக்கொண்டு குளக்கரைக்கு நாவல் பொறுக்கப் போங்கள் என்றும் சொன்னேன். அவர் சற்று ஏமாற்றத்துடன்தான் சென்றார். எப்படியோ, போய் வந்தார்கள். முதல் நாள் பிள்ளை தாயின் இடுப்பைவிட்டு இறங்கவில்லையாம். இரண்டாவது முறை, கீழே கிடந்த பழத்தை எடுக்க இறங்கியது. மூன்றாவது முறை, கொட்டை நீக்கி நசுக்கிக் கொடுத்த பழத்தைத் தின்று நாக்கெல்லாம் ஊதாவாகி, தன் கையில் மீதியிருந்ததை அவர் வாயில் திணித்ததாம். இதைச் சொல்லும்போது அந்தச் சகோதரர் சட்டையில் இருந்த கறையைத் தடவிக் காட்டினார். நாவல் கறை எளிதில் போகாது. அவருக்கு அது போக வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. வீட்டிற்குள் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தாயும் பாட்டியும்தான். தந்தை ஒரு விருந்தாளி. வெளியில், எட்டாத கிளையை வளைக்க ஓர் ஆள் வேண்டும். ஓடையைத் தாண்டத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அங்கே தந்தைக்கு ஒரு வேலை இருக்கிறது.

எங்கே, எப்போது?

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கினால் நாவல் பழுக்கும். அதே பருவத்தை ஒட்டிக் கரட்டு நிலங்களில் களா பழுக்கும். களாக்காய் பச்சையில் பால் வடியும், புளிக்கும். பழுத்தால் கருஞ்சிவப்பாகி இனிப்பும் புளிப்பும் கலந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் இலந்தையும், வேலியோரச் சூரைப்பழமும் கிடைக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் நெல்லி. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு முள். ஒரே தண்ணீரால் நீர் பாய்ச்சப்பட்டும் சுவையில் சிலவற்றை வேறு சிலவற்றைவிட மேலாக்கியிருப்பதை அர்ரஃது அத்தியாயத்தில் அல்லாஹ் சிந்திப்போருக்கான சான்றாகக் கூறுகிறான். அல்அன்ஆம் அத்தியாயத்தில், கனிகள் காய்ப்பதையும் பழுப்பதையும் உற்றுப் பாருங்கள் என்று கட்டளையே இடுகிறான். உண்ணும்படி சொல்வதற்கு முன்பே பார்க்கும்படி சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரு நாவல் கொத்தில் பச்சையும், இளஞ்சிவப்பும், கருநீலமும் ஒரே நேரத்தில் இருக்கும். உங்கள் குழந்தையைத் தோளில் தூக்கி, எது கறுத்தது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். மர்ருழ் ழஹ்ரானில் நடந்த பாடமும் அதுதானே!

சுப்ஹு தொழுதவுடன் புறப்படுங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஜும்ஆ நாளில் வேண்டாம். தூரத்தைப் பெரிதாக வைக்காதீர்கள். உங்களுக்குக் கால் மணி நேர நடை என்றால், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு முழுக் காலைப் பொழுது. அது எறும்புப் புற்றைக் கண்டால் உட்காரும். கல்லை எடுத்து ஓடையில் போடும், மறுபடியும் போடும், பத்தாவது முறையும் போடும். அதற்கு அதுதான் பயணம். மரத்தை அடைவது உங்களது அவசரம் மட்டுமே.

இந்த இடத்தில் ஆண்களாகிய நமக்குக் கோபம் வருவதுண்டு. பெருமானாரின் நடைமுறையைப் பாருங்கள். மிம்பரில் நின்று உரையாற்றிக் கொண்டிருக்கிறார்கள். பேரர்கள் ஹஸனும் ஹுஸைனும் சிவப்புச் சட்டை அணிந்து, தடுமாறி விழுந்து எழுந்து நடந்து வருகிறார்கள். அண்ணலார் உரையை நிறுத்தி, மிம்பரில் இருந்து இறங்கி, இருவரையும் தூக்கி வந்து தமக்கு முன்னால் அமர்த்திக் கொண்டு, அவ்விருவரும் தடுமாறுவதைக் கண்டு தம்மால் பொறுக்க முடியவில்லை என்று மக்களிடம் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்தச் செய்தி இருக்கிறது. ஒரு குத்பாவே குழந்தையின் தடுமாற்றத்திற்காக நின்றது என்றால், நம் நாவல் மரம் அரை மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?

பேத்தி உமாமாவைச் சுமந்து கொண்டே தொழுதார்கள். ஸஜ்தாவிற்குச் செல்லும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக் கொண்டார்கள். நடைப்பயணத்தில் குழந்தையைத் தூக்குவதும் இப்படித்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் நடக்கவிடுவது, கொஞ்சம் சுமப்பது. தூக்கும் பொறுப்பு தந்தையுடையது. இதில் மாற்றுக் கருத்துக்கு நான் இடம் தரமாட்டேன். வாரம் ஏழு நாளும் சுமப்பவள் அன்று கையை வீசி நடக்கட்டும். பயணத்தின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னால் தங்கி, பலவீனமானவர்களைச் சேர்த்து அழைத்து வருவார்கள் என்று அபூதாவூதில் வந்துள்ளது. முன்னால் வேகமாகச் சென்றுவிட்டு, திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வா என்று மனைவியை அதட்டும் வழக்கம் எந்தக் கிதாபில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தாய்மார்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியில் போகிறோம் என்றதும் நடுநிசியில் எழுந்து பிரியாணி கிண்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் அது வேண்டாம். இடியாப்பமோ ரொட்டியோ, அவித்த முட்டையோ, சில பேரீச்சம்பழமோ போதும். ஆயிஷா நாயகியை அண்ணலார் ஒரு பயணத்தில் ஓட்டப் பந்தயத்திற்கு அழைத்தார்கள், நாயகி வென்றார்கள். பின்னாளில் மீண்டும் ஓடி அண்ணலார் வென்றார்கள். தம்பதியர் திறந்த வெளியில் சிரித்து மகிழ்வதற்கு மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறது.

மேடு ஏறும்போது ‘அல்லாஹு அக்பர்’ என்றும், இறங்கும்போது ‘சுப்ஹானல்லாஹ்’ என்றும் தோழர்கள் சொல்வார்கள் என ஜாபிர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைக் கற்றுக் கொடுத்துப் பாருங்கள். குளக்கரையில் ஏறும் படி ஒவ்வொன்றிலும் அது மழலையில் தக்பீர் சொல்லும். வகுப்பில் ஒரு மாதம் ஓதிக் கொடுத்தாலும் பதியாதது, கால்கள் ஏறி இறங்கும்போது பதிந்துவிடும்.

வாயில் போவதும் கையில் வருவதும்

இனி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு உலகம் முழுவதும் வாயால் அறியப்படுவது. நீங்கள் பழத்தைப் பறித்து உண்பதைப் பார்த்ததும், செடியில் உருண்டையாய்த் தொங்கும் எல்லாமே உண்ணத் தக்கவை என்று அது முடிவு செய்துவிடும். நம் வேலிகளிலும் கரடுகளிலும் உயிரைக் குடிப்பவையும் காய்க்கின்றன.

குன்றிமணியை எல்லோரும் அறிவோம். சிவப்பும் கறுப்புமாய் அழகாக இருக்கும். அதன் ஓடு கடினமானது. ஆனால் கடித்து மென்றுவிட்டால் ஒரே மணிகூடச் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். மஞ்சள் அரளியின் காய் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். காட்டாமணக்கு விதை நிலக்கடலைபோல் இனிக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும் செய்தியை அவ்வப்போது பத்திரிகைகளில் பார்க்கிறோம். ஊமத்தை, எட்டி ஆகியவற்றை விளக்க வேண்டியதில்லை. உண்ணிச் செடியின் கறுத்த பழத்தை ஊர்ப்பிள்ளைகள் தின்பதுண்டு. அதன் பச்சைக் காய் நஞ்சு. சிறு பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். பெயர் தெரியாத எதையும் ருசி பார்க்காதீர்கள். அந்தப் பகுதியில் ஆடு மேய்க்கும் பெரியவரையோ விறகு பொறுக்கும் மூதாட்டியையோ கேளுங்கள். ஆடு மேய்த்தவருக்கே கனியின் தரம் தெரியும் என்பது தோழர்கள் கேட்ட கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

தப்பித்தவறிப் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், வாயில் மீதியிருப்பதை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பாட்டி வைத்தியத்தைச் செய்யாமல், அந்தச் செடியின் காயையும் இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். 108 எண்ணை அழையுங்கள். கைப்பேசியில் தொடர்பு கிடைக்காத இடத்திற்குச் சிறு பிள்ளையோடு போகவே வேண்டாம்.

நல்ல பழத்திலும் ஆபத்து உண்டு. நாவல் கொட்டையும் இலந்தைக் கொட்டையும் சிறு பிள்ளையின் மூச்சுக்குழலை அடைக்கும் அளவில் இருப்பவை. கொட்டையை நீக்கி, சதையை விரலால் நசுக்கி, பிள்ளையை உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக் கொண்டும் சிரித்துக் கொண்டும் இருக்கும் வாயில் எதையும் போடாதீர்கள். அடைத்துக் கொண்டு, இருமவும் அழவும் முடியாமல் பிள்ளை தவித்தால், முன்பக்கமாகக் குனிய வைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லையெனில், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேல்புறமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து கொண்டே, உடன் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. முதுகில் தட்டுவதும், நெஞ்சின் நடுவே அழுத்துவதும்தான் முறை. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும். இதையெல்லாம் ஜும்ஆ மேடையில் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி சொன்ன நபியின் உம்மத் நாம்.

கீழே விழுந்த உணவில் ஒட்டியதைத் துடைத்து உண்ணும்படி நபிமொழி இருக்கிறது. மரத்தடியில் கிடக்கும் பழத்தை எடுத்து, கழுவி உண்பதில் தவறில்லை. ஆனால் கொத்தியது, கடித்தது, பல் பதிந்தது எதையும் எடுக்காதீர்கள். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் பரவி உயிர்கள் பலியானபோது, வௌவால் கடித்த பழங்களை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறை எச்சரித்தது நினைவிருக்கும். கடிபட்டதை வௌவாலின் பங்காகவே விட்டுவிடுங்கள்.

பேரர் ஹஸன் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பெருமானார் உடனே அதைத் துப்பச் செய்தார்கள். நாம் ஸதகாப் பொருளை உண்ணமாட்டோம் என்பது தெரியாதா என்று அந்தச் சின்னஞ்சிறு பிள்ளையிடமே கேட்டார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடவில்லை. வாய்க்குள் போவது நஞ்சா என்று பார்க்கும் அதே கண், அது யாருடையது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்து நாம் விளங்கிக் கொள்கிறோம்.

காட்டுப் பழம் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழியும் நாவில் வந்துவிடுகிறது. யாருக்கும் உரிமையில்லாத நிலத்தில் தானாக விளைந்ததற்கு அது பொருந்தும். ஆனால் இன்றைக்கு அப்படிப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது? சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுவதை அறிவீர்கள். சில ஊர்களில் குளக்கரை மரங்களும் அவ்வாறே. ஏலம் எடுத்தவர் கடன் வாங்கிப் பணம் கட்டியிருப்பார். அவரிடமோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தோப்பின் ஓரமாகப் போகிறவர் தேவைக்கு உண்ணலாம், மடியில் கட்டிக் கொண்டு போகக் கூடாது என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. அதற்கும்கூட, உரிமையாளரின் சம்மதமோ, அப்படி உண்பதை அனுமதிக்கும் ஊர் வழக்கமோ வேண்டும் என்று நமது இமாம்களில் பெரும்பாலோர் நிபந்தனை இட்டிருக்கிறார்கள். வேலி போட்டிருந்தால் பேச்சே இல்லை. தோட்டக்காரரிடம் தந்தை சலாமோ வணக்கமோ சொல்லி, பழம் பறிக்கலாமா என்று கேட்பதைப் பிள்ளை பார்க்கட்டும். பெரும்பாலும் அவர் தாமே கிளையை உலுக்கிக் கொடுப்பார்.

மலைக்குள்ளே ஏறுவது வேறு விஷயம். நம் ஊர்களுக்கு மேற்கே தெரியும் மலை பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில், வழிகாட்டியுடன் செல்லும்படி அறிவித்தது. வளர்ந்த பிள்ளைகள் இருப்போர் அவற்றை விசாரித்துப் போகலாம். தத்தி நடக்கும் பிள்ளைக்கு அடிவாரமே மலை. குளக்கரை, கண்மாய்க்கரை, தெரிந்தவர் தோப்பு இவற்றைத் தாண்ட வேண்டாம். மேற்கு மலைத்தொடரில் வாழும் பளியர், காணிக்காரர் போன்ற மலைமக்களுக்கு, நெல்லியும் தேனும் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. அது அவர்களின் உணவு. நமக்குப் பொழுதுபோக்காய் இருப்பதற்காக அவர்கள் மரத்தைக் காலி செய்யக் கூடாது. வழியில் ஒரு பெண் களாக்காயைக் கூறு கட்டி விற்றால், பேரம் பேசாமல் வாங்குங்கள். முள்ளில் கைவிட்டுப் பறித்துப் பார்த்த பிறகு, அவள் கேட்கும் விலை அதிகம் என்று உங்களுக்கே தோன்றாது.

மரத்தில் எட்டியதையெல்லாம் உருவாதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் பறவையோ மனிதனோ பிராணியோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்று பெருமானார் கூறியிருக்கும்போது, நாம் நடாத மரத்தில் குயிலுக்கும் மைனாவுக்கும் உள்ள பங்கை நாம் பறிப்பது என்ன நியாயம்? அல்லாஹ் கனிகளை உண்ணச் சொன்ன அதே வசனத்தில், அறுவடை நாளில் அதற்குரியதைக் கொடுத்துவிடும்படியும் வீண்விரயம் செய்யாதிருக்கும்படியும் சொல்கிறான். ஒரு தூக்குவாளி நிறைந்தால் போதும். நாவல் மறுநாளே நசுங்கிப் புளித்துவிடும்.

அடுத்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அருவிக்கரைகளிலும் ஓடைகளிலும் இன்று அதிகம் கிடப்பது பிள்ளைகளின் டயப்பர். மக்கள் நிழல் தேடும் இடம், நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றை அசுத்தம் செய்வதைச் சாபத்திற்குரிய செயலாகப் பெருமானார் எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளையின் அசுத்தம் என்பதால் அது விலக்குப் பெறாது. ஒரு பையில் கட்டி வீட்டிற்கே கொண்டு வாருங்கள். நெகிழிப் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் அப்படியே. வரும் வழியில் கண்ணாடித் துண்டோ முள்ளோ கிடந்தால் ஓரமாக அகற்றிவிடுங்கள். அது ஈமானின் ஒரு கிளை.

தண்ணீர் அருகிலேயே இருப்பதால் தயம்மும் பற்றிய கேள்வி எழாது. லுஹா நேரத்தில், மேற்கில் மலையைப் பார்த்துக் கொண்டு இரண்டு ரக்அத் தொழுங்கள். நம் ஊர்களிலிருந்து கிப்லா மேற்கே சற்று வடக்காகச் சாய்ந்திருக்கும். ஒருவர் தொழும்போது மற்றவர் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். நீர்க்கரையில் பிள்ளையைத் தனியே விட்டு இருவரும் ஒன்றாகத் தக்பீர் கட்டாதீர்கள். வீடு திரும்பியதும் பிள்ளையின் காது மடலின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணியோ அட்டையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களில் காய்ச்சல் கண்டால், புதர்ப் பக்கம் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மதீனாவில் பருவத்தின் முதல் கனியை மக்கள் பறித்ததும் பெருமானாரிடம் கொண்டு வருவார்கள். அண்ணலார் அதனைக் கையில் வாங்கி, தங்கள் கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டி துஆ செய்வார்கள். பிறகு அங்கிருப்போரில் ஆக வயது குறைந்த குழந்தையை அழைத்து அதன் கையில் அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். கலீஃபாக்களாக வர இருந்தவர்களும் போர்களில் வென்றவர்களும் சுற்றி அமர்ந்திருந்த சபை அது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்த இந்தச் செய்தியைத் தந்தைமார்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மரத்தடியில் வாளி நிறையத் தொடங்கியதும், அதில் ஆகக் கறுத்ததாய் ஒன்றை எடுத்து, துஆச் செய்து, கொட்டையை நீக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்து, வலது கையில் வைத்துவிடுங்கள்.

விடுப்பு முடிந்து விமானம் ஏற இருக்கும் சகோதரர்களின் பயணத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. அவர்கள் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு அவனே காவலாய் இருப்பானாக. ஆமீன்.